கையுறை வாங்குவதற்கு முன் முடிவாக வேண்டியவை

ஏழு பேர் கொண்ட குழுவை வைத்துப் புதுச்சேரியில் சில விருந்தினர் விடுதிகள், இலாசுப்பேட்டையில் இரண்டு அடுக்ககங்கள், கடலூர் சிப்காட் பக்கத்தில் ஓர் ஆலை வளாகம் ஆகியவற்றின் தோட்டங்களை ஒப்பந்தத்தில் பராமரித்துவருவதாக எழுதியிருக்கிறீர்கள். ஆலை நிர்வாகம் உங்கள் பாதுகாப்பு நடைமுறையை எழுத்தில் கேட்கிறது. தலைக்கவசம், கையுறை, கண்ணாடி, காலணி என்று நீங்கள் ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறீர்கள். கையிருப்புக் குறைவு என்பதால் எதை முதலில் வாங்குவது, ஆளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் சட்டப்படி உங்கள் பொறுப்பு எதுவரை என்பவை உங்கள் கேள்விகள்.

பட்டியலில் தவறில்லை. ஆனால் அது கடைசியில் வர வேண்டியது. தோட்ட வேலையில் நடக்கும் விபத்துகளில் பெரும்பாலானவை, இடத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் தொகை சொல்லும் நாளிலேயே பாதி உறுதியாகிவிடுகின்றன. மின்கம்பியை ஒட்டி வளர்ந்த வேலியை வெட்டித் தருவதாக ஒப்புக்கொண்டு, மின் இணைப்பைத் துண்டித்து வாங்குவதற்கான அரை நாளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால், அந்த அரை நாளை உங்கள் ஆள் தன் உயிரைப் பணயம் வைத்து மிச்சப்படுத்தித் தருவார். ஒரே நாளில் முடிப்பதாகச் சொன்ன புல்வெளி, மே மாதத்தில் பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில்தான் முடியும். ஆகவே ஆலைக்கு நீங்கள் எழுதித் தரப்போகும் தாளின் முதல் பக்கம், இடத்தை நேரில் பார்க்கும்போது நீங்கள் குறித்துக்கொள்ளும் பக்கமாக இருக்கட்டும்: மேலே கம்பி எங்கே போகிறது, தரைக்கடியில் கேபிள் எங்கே, புல்லால் மூடிப்போன கழிவுநீர்த் தொட்டியின் மூடி எங்கே, பாழ்கிணறு உண்டா, மரத்தில் கூடு உண்டா, கண்ணாடிச் சன்னலும் நிறுத்தப்பட்ட வண்டிகளும் எவ்வளவு தூரத்தில் உள்ளன, நிழலும் குடிநீரும் கழிப்பிடமும் உங்கள் ஆட்களுக்குக் கிடைக்குமா. கழிப்பிடத்தைச் சிறு விஷயமாக எண்ண வேண்டாம். அது கிடைக்காத இடத்தில் பெண் தொழிலாளர்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்த்துவிடுவார்கள், அதன் விளைவு வெயிலில் தெரியும்.

இயந்திரங்களில் அன்றாடம் கையில் இருப்பது புல்லும் புதரும் வெட்டும் பிரஷ் கட்டர் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். அதன் நைலான் நரம்போ தகடோ நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுழல்கிறது. வழியில் அகப்பட்ட சல்லிக்கல், கம்பித்துண்டு, உடைந்த ஓடு எதுவானாலும் எறிபொருளாகிவிடும். இயக்குபவரைச் சுற்றி 15 மீட்டருக்குள் வேறு எவரும் இருக்கக் கூடாது என்று தயாரிப்பாளர்களின் கையேடுகள் சொல்வது இதற்காகத்தான். நம் ஊரில் இந்தத் தூரம் மீறப்படுவது வேடிக்கை பார்க்க வருபவர்களால் மட்டுமன்று. வெட்டிய புல்லைக் கூட்டி அள்ளும் பெண், வெட்டுபவருக்குப் பின்னாலேயே நடக்கும்படி வேலை பிரிக்கப்பட்டிருப்பதுதான் முக்கியக் காரணம். வெட்டும் வேலை முழுதும் முடிந்த பிறகே அள்ளும் வேலை என்று வரிசையை மாற்றினால், ஒரு பைசாச் செலவில்லாமல் பாதி ஆபத்து நீங்கும். அதே போலத் தொடங்குமுன் ஒருவர் வாரியால் தரையை ஒருமுறை வாரி, கல்லும் கம்பியும் பொறுக்கிவிட வேண்டும். கடற்கரைச் சாலையோர விடுதிகளில் அழகுக்காகக் கூழாங்கல் பரப்பிய ஓரங்களில் இயந்திரமே வேண்டாம், கைக்கத்தரி போதும்.

அந்த இயந்திரத்தின் காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு வெட்டுவது நம்மிடம் பரவலான வழக்கம். நரம்பை நீளமாக விடலாம், சீக்கிரம் முடியும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். நரம்புக்குப் பதிலாகச் சைக்கிள் சங்கிலியை மாட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு கண்ணி அறுந்தால் அது துப்பாக்கிக் குண்டைப் போலப் பாயும். இந்த இரண்டையும் செய்பவர் எவ்வளவு திறமைசாலியானாலும் அவரிடம் இயந்திரத்தைக் கொடுக்காதீர்கள். தகட்டில் சிக்கிய கொடியை எடுப்பதானால் இயந்திரத்தை நிறுத்தி, சுழற்சி முற்றிலும் ஓய்ந்த பிறகு எடுக்க வேண்டும்; பெட்ரோல் ஊற்றுவதானால் இயந்திரம் ஆறிய பிறகு ஊற்ற வேண்டும், பீடி பற்றவைத்திருப்பவர் பக்கத்தில் இருக்கக் கூடாது.

ஒலியும் அதிர்வும் உடனே வலிக்காத சேதங்கள் என்பதால் கவனிக்கப்படுவதில்லை. இந்திய விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபெல் வரை அனுமதிக்கின்றன. அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் 85 டெசிபெல் என்று இன்னும் கடுமையாகச் சொல்லி, ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரத்தைப் பாதியாகக் குறைக்கிறது. அந்தக் கணக்கின்படி 100 டெசிபெல் ஒலியைக் காதுக்காப்பின்றிக் கேட்கக்கூடிய நேரம் ஒரு நாளைக்கு 15 நிமிடம்தான்; மரம் அறுக்கும் சங்கிலி ரம்பம் அந்த அளவை எளிதில் தாண்டிவிடும். காதுச்செருகி ஒரு தேநீர் விலைக்குள் கிடைக்கும் பொருள். அதிர்வைப் பொறுத்தவரை, ஒரே ஆளிடம் நாள் முழுவதும் இயந்திரத்தைக் கொடுக்காமல், அரை மணிக்கொரு முறை ஆள் மாற்றுவதே நடைமுறையில் செய்யக்கூடியது. இரவில் விரல் மரத்துப்போகிறது, சட்டைப் பொத்தான் போடச் சிரமமாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை வயதின் மேல் போட்டுவிடாமல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

எதை முதலில் வாங்குவது என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: கண்ணாடி. அதுவும் பக்கவாட்டிலும் மூடியிருக்கும் கண்காப்பு, ஆளுக்கு ஒன்று, பொதுவில் இரண்டு மூன்று அல்ல. இதற்கு நம் பகுதிக்கே உரிய ஒரு காரணம் இருக்கிறது. தென்னிந்தியாவில் கருவிழிப் புண்களில் ஒரு பெரும்பங்கு பூஞ்சையால் வருவது. அதற்கு வழிவிடுவது பெரும்பாலும் நெல் தூற்றும்போதோ கிளை வெட்டும்போதோ கண்ணில் படும் இலை நுனி, முள், உமி போன்ற தாவரப் பொருள். அடித்த அன்று கண் சிவந்து நீர் வடியும், அவ்வளவுதான். தொழிலாளி மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்துவிடுவார். அந்தச் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு குறைந்து நலமானது போலத் தோன்றும், உள்ளே பூஞ்சை தடையின்றிப் பரவும். பத்து நாள் கழித்துக் கண்ணில் வெள்ளைப் புள்ளி தெரிந்து அவர் மருத்துவமனைக்குப் போகும்போது, பார்வையை மீட்பது கடினமாகியிருக்கும். தாய்ப்பால் விடுவது, நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விடுவது போன்ற வழக்கங்களும் இதே கேட்டைச் செய்கின்றன. தவளக்குப்பத்தில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனை உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது; பூஞ்சைப் புண்ணுக்கு நேட்டமைசின் என்ற பழைய மருந்தே வோரிகோனசோலை விடச் சிறந்த பலன் தருகிறது என்று 2013-இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வில், அரவிந்த் நிறுவனத்தின் புதுச்சேரிக் கிளையும் பங்கேற்றது. ஆகவே உங்கள் குழுவுக்கு ஒரே விதி: கண்ணில் எது பட்டாலும் சுத்தமான நீரில் கழுவுவது, கசக்காமலிருப்பது, உறுத்தல் மறுநாள் காலையிலும் இருந்தால் அன்றே கண் மருத்துவரிடம் போவது, அந்த நாள் கூலியை நீங்கள் தருவது. கூலி தரும் பகுதிதான் இந்த விதியை வேலை செய்ய வைக்கும்.

கள்ளிப்பால் தனிக் கதை. திருகுகள்ளியும் விடுதிகளில் தொட்டியில் அழகுக்கு வைக்கும் முள்கள்ளி வகைகளும் வெட்டும்போது பீய்ச்சும் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலும் கருவிழிச் சேதமும் உண்டாகும். உடனே ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டுத்தான் ஆட்டோ பிடிக்க வேண்டும். அரளியின் எல்லாப் பாகமும் நச்சு என்பது அநேகமாக யாவருக்கும் தெரியும். வெட்டிய அரளிக் கழிவை எரித்தால் அதன் புகையும் நச்சு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

மரம் அறுக்கும் வேலைக்கு வருவோம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை கடந்ததையும், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்து ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும் இந்தப் பகுதியில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். புயலுக்கு மறுநாள் காலை உங்கள் தொலைபேசி ஓயாமல் அடிக்கும். விழுந்த மரத்தை அகற்றித் தரச் சொல்லி இரட்டிப்புத் தொகை பேசுவார்கள். தோட்டத் தொழிலில் மிக ஆபத்தான நாள் அதுதான். நிற்கும் மரத்தைவிட விழுந்து கிடக்கும் மரம் கணிக்க முடியாதது: வளைந்து மாட்டிக்கொண்ட கிளை வில்லைப் போல இறுக்கத்தில் இருக்கும், தவறான பக்கத்தில் ரம்பம் பட்டால் முகத்தில் அடிக்கும், வேரோடு சாய்ந்த மரத்தின் தண்டை அறுத்துவிட்டால், நிமிர்ந்து நிற்கும் வேர்மண் கட்டி பழையபடி குழிக்குள் சரியும், அந்தக் குழியில் யாராவது நின்றால் மீட்பதற்கில்லை. இறுக்கத்தில் உள்ள கிளையை அமுங்கிய பக்கத்தில் முதலில் சிறிது வெட்டி, பிறகு விரிந்த பக்கத்தில் வெட்ட வேண்டும் என்பது விதி. எந்தப் பக்கம் அமுங்கியிருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லத் தெரியாத ஆளிடம் அந்த வேலையைத் தரக் கூடாது.

சங்கிலி ரம்பத்தில் கற்றுக்கொடுக்க வேண்டிய முதல் பாடம், சங்கிலி சுற்றி ஓடும் நீட்டுத் தகட்டின் நுனியின் மேற்பாதி எதிலும் படக் கூடாது என்பது. அந்த இடம் மரத்தில் பட்டால் ரம்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் மேல்நோக்கித் துள்ளி, இயக்குபவரின் கழுத்தையோ தோளையோ நோக்கி வரும். முன்கைக் காப்பும் சங்கிலித் தடையும் அதைத் தடுக்கவே வைக்கப்பட்டவை. காலையில் தொடங்குமுன் தடை பிடிக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், தோளுக்கு மேலே தூக்கி அறுக்கக் கூடாது, ஏணியில் நின்று அறுக்கவே கூடாது. ரம்பத்துக்கென்று விற்கும் கால்காப்பு உடையில் நீண்ட இழைகள் அடைக்கப்பட்டிருக்கும். சங்கிலி பட்டதும் அவை வெளியே இழுபட்டுப் பற்சக்கரத்தில் சுற்றி அதை நிறுத்திவிடும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அறுப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒரு கால். உங்கள் குழுவில் இந்தப் பயிற்சி பெற்றவர் இல்லையென்றால், மணிக்கட்டை விடத் தடித்த கிளை எதையும் ஏற்காமல், மரம் வெட்டும் குழுவுக்கு அதை விட்டுவிடுவதே என் பரிந்துரை. வருமானம் குறையும்தான்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் இதில் விவாதத்துக்கு இடமில்லை. கம்பியிலிருந்து 3 மீட்டருக்குள் வரும் கிளை, அலுமினியத் துரட்டி, இரும்பு ஏணி எதுவும் கூடாது. ஈரமான மூங்கிலும் மின்சாரம் கடத்தும். புதுச்சேரியில் மின்துறையிடமும் கடலூரில் மின் வாரிய உதவிப் பொறியாளர் அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்து, இணைப்பைத் துண்டித்த பின்பே வெட்ட வேண்டும். அறுந்து தொங்கும் கம்பி செத்த கம்பி என்று எவர் உறுதி சொன்னாலும், பக்கத்து வீட்டு ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ அதற்கு உயிர் கொடுத்திருக்கலாம். மின்சாரப் புல்வெட்டியைப் பயன்படுத்துவதானால் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவுத் தடுப்பானை நீங்களே ஒரு நீட்டிப்புப் பெட்டியில் பொருத்திக் கொண்டுபோங்கள். வாடிக்கையாளர் வீட்டில் அது இருக்கிறதா என்று விசாரிப்பதை விட இது எளிது. ஒட்டுப்போட்ட ஒயரும் பனி காயாத புல்லும் சேரக் கூடாது.

தென்னை ஏறுவது தோட்டப் பராமரிப்பில் அடங்கும் என்று பல வாடிக்கையாளர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். ஒப்பந்தத்தில் அதைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். தென்னை வளர்ச்சி வாரியம் ஏறும் கருவியோடு பயிற்சியும், ஏறுபவர்களுக்கென்று கேர சுரட்சா என்ற காப்பீடும் நடத்துகிறது. அந்தப் பயிற்சியும் காப்பீடும் உள்ள ஆளை அழைப்பதே முறை. விடுதிகளில் விருந்தினர் நடமாடும் இடத்துத் தென்னையில் காயும் பட்டையும் முன்கூட்டியே இறக்கப்பட வேண்டும், இறக்கும்போது கீழே கயிறு கட்டி வழியை மறிக்க வேண்டும்.

இனி மருந்து. பூச்சிமருந்துப் புட்டியின் மேல் உள்ள நாற்கட்டத்தின் கீழ்ப்பாதி நிறத்தை உங்கள் ஆட்கள் எல்லோருக்கும், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும், கற்பித்துவிடலாம்: சிவப்பு மிகக் கொடிய நச்சு, மஞ்சள் அதற்கடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை ஓரளவு குறைந்தது. குடியிருப்புத் தோட்டத்தில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் வேலையே இல்லை என்பது என் கருத்து. களைக்கொல்லியான பாரகுவாட் மஞ்சள் வகையைச் சேர்ந்தது. அதற்கு மாற்று மருந்து கிடையாது, தவறுதலாக ஒரு வாய் உள்ளே போனாலே நுரையீரல் கெட்டு உயிர் போகும். இன்னொரு களைக்கொல்லியான கிளைபோசேட்டை, உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு இயக்குநர்கள் தவிர வேறு எவரும் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் கட்டுப்படுத்திவிட்டது. கடையில் கேட்டதும் எடுத்துத் தருகிறார்கள் என்பதற்காக நீங்கள் அடிக்கலாம் என்று பொருளாகாது, ஆலை வளாகத்தில் யாராவது கேட்டால் மாட்டிக்கொள்பவர் நீங்கள்தான். நடைபாதைக் களைக்கு ஆள்வைத்துக் கொத்துவது கூடுதல் செலவு என்றால், அந்தச் செலவைத் தொகையில் எழுதுங்கள்.

அடிப்பதைவிடக் கலப்பது ஆபத்து. புட்டியில் இருப்பது நீர் சேராத முழு வீரியம். அதை மூடியால் அளந்து வெறுங்கையால் கலக்கும் ஐந்து நிமிடத்தில் தோல் வழியாக உடலில் ஏறுவது, பிறகு மணிக்கணக்கில் தெளிக்கும்போது ஏறுவதை விட மிகுதியாக இருக்கக்கூடும். எனவே நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர்க் கையுறை கலக்கும்போதே வேண்டும். துணிக் கையுறை மருந்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைப்பதால் வெறுங்கையை விடக் கேடானது. வாயில் கட்டும் துண்டும், நாம் கொரோனாக் காலத்தில் வாங்கிவைத்த என்-95 முகக்கவசமும் மருந்தின் ஆவியைத் தடுக்காது, அதற்குக் கரி வடிகட்டி உள்ள கவசம் தேவை. அடைத்த முனையை வாயால் ஊதக் கூடாது. கடற்காற்று எழுமுன் காலையில் அடித்து முடிக்க வேண்டும். காற்று முதுகுப் பக்கமிருந்து வர வேண்டும். மீந்த மருந்தைத் தண்ணீர்ப் புட்டியிலோ குளிர்பானப் புட்டியிலோ ஊற்றி வைப்பது கொலைக்குச் சமம். வேலை முடிந்ததும் அங்கேயே குளித்து உடைமாற்ற வசதி வேண்டும். மருந்துச் சட்டை வீட்டுத் துணியோடு சேர்ந்து துவைக்கப்பட்டால் நஞ்சு பிள்ளைகளின் உடைக்கும் போகும். வாந்தி, எச்சில் ஒழுகுதல், மிகுந்த வியர்வை, கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்குதல், தசைத் துடிப்பு ஆகியவை ஆர்கனோபாஸ்பேட் என்ற பூச்சிமருந்து வகையின் நஞ்சு ஏறியதற்கான அடையாளங்கள். உடையைக் களைந்து, உடலைச் சோப்பிட்டுக் கழுவி, புட்டியின் சீட்டையும் எடுத்துக்கொண்டு ஜிப்மருக்கோ கடலூர் அரசு மருத்துவமனைக்கோ விரைய வேண்டும். காப்புடை, முதலுதவி, பயிற்சி ஆகியவற்றை வேலை கொடுப்பவர் தர வேண்டும் என்பது 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளிலேயே இருக்கிறது.

வெயிலைப் பற்றி நம்மவர்களுக்குப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று தோன்றலாம். கடற்கரை ஊரின் சிக்கல் வெப்பமானியில் தெரிவதில்லை: வேலூரை விட இரண்டு டிகிரி குறைவாக இருந்தாலும், காற்றில் ஈரம் மிகுதியால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுகிறது, உடல் குளிர்வதில்லை. கத்திரி வெயில் நாட்களில் காலை ஆறு முதல் பத்தரை வரையும் மாலை நான்குக்குப் பிறகும் என்று நேரத்தை உடைத்துவிடுவதுதான் தீர்வு. விடுதிகள் காலை ஆறு மணிக்கு இயந்திர ஓசையை அனுமதிக்காது என்பதால், அந்த நேரத்தில் நீர்விடல், கைக்கத்தரி, களையெடுப்பு என்று ஓசையில்லாத வேலைகளை வைத்துக்கொள்ளலாம். இருபது நிமிடத்துக்கு ஒரு குவளை நீர், தாகம் எடுக்காவிட்டாலும். புதிதாகச் சேர்ந்தவரும் ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்து வந்தவரும் முதல் நாளே முழு வேலை செய்யக் கூடாது. உடல் வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும், வெப்பத் தாக்குக்கு ஆளாவோரில் பலர் வேலையின் முதல் சில நாட்களில் இருப்பவர்களே. ஒருவர் உளறினாலோ தடுமாறினாலோ, ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் நிழலுக்குக் கொண்டுபோய்த் தலை முதல் கால் வரை தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். முதலில் குளிர்விப்பு, பிறகுதான் பயணம். தமிழ்நாடு அரசு வெப்ப அலையை 2024-இல் மாநிலப் பேரிடராக அறிவித்து, இறப்புக்கு 4 இலட்ச ரூபாய் நிவாரணம் அறிவித்திருக்கிறது என்பதும் கடலூர்ப் பகுதி வேலைக்கு நினைவில் இருக்கட்டும்.

பாம்பைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள், காய்ச்சலைப் பற்றி எவரும் கேட்பதில்லை. மழைக்காலம் தொடங்கிப் பனிக்காலம் முடியும்வரை புதர்க்காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைபஸ் இந்தப் பகுதியில் தொடர்ந்து காணப்படுகிறது. ஜிப்மர் மருத்துவர்கள் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். புல்லிலும் புதரிலும் வாழும், கண்ணுக்குத் தெரியாத உண்ணிப்பூச்சிக் குஞ்சு கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் தலைவலியும் வரும். அக்குள், இடுப்பு மடிப்பு போன்ற மறைவிடத்தில், சிகரெட்டால் சுட்டது போல வலியில்லாத கருப்புப் பொருக்கு ஒன்று இருக்கலாம். மருத்துவர் ஆடையை விலக்கிப் பார்க்காவிட்டால் அது தெரியாது. டாக்சிசைக்ளின் கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிவிடும், விட்டுவிட்டால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே காய்ச்சலோடு போகும் உங்கள் ஆள், மருத்துவரிடம் தன் தொழிலைச் சொல்ல வேண்டும்: ‘புதர் வெட்டும் வேலை செய்கிறேன்’ என்ற ஒரு வாக்கியம் சரியான பரிசோதனைக்கு வழிவிடும். தேங்கிய நீரில் வேலை செய்தவருக்குக் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்த காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலை நினைக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறுங்காலோடு சேற்றில் இறங்குவதை நான் குறிப்பாகத் தடுப்பேன். மண்ணில் வாழும் மெலியாய்டோசிஸ் கிருமி அவர்களையே தேடிப் பிடிக்கிறது. முழங்கால் வரையிலான ரப்பர் காலணி இந்த மூன்றுக்கும், பாம்புக்கும் சேர்த்துப் பயன்படும் என்பதால், கண்காப்புக்கு அடுத்து வாங்க வேண்டியது அதுவே. கூடவே, ஆணி கிழித்த பிறகு ஊசி தேடி ஓடாமல், பத்தாண்டுக்கொரு முறை போடும் டெட்டனஸ் தடுப்பூசியின் தேதியை ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் எழுதி வையுங்கள்.

பாம்புக்கு வருகிறேன். சருகுக் குவியலிலும் அடுக்கி வைத்த தொட்டிகளுக்கு இடையிலும் கையை விடுமுன் நீண்ட வாரியால் கலைக்க வேண்டும். கண்ணாடி விரியன் சருகின் நிறத்தில் அசையாமல் கிடக்கும். கடித்துவிட்டால் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, பாம்பைத் தேடி அடிப்பதில் நேரம் போக்கக் கூடாது. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல் நஞ்சுமுறி மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் நம் நாட்டில் ஒரே கூட்டு மருந்துதான் என்பதால் எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டாலும் சிகிச்சை நிற்காது. கதண்டுக் கூடு உள்ள மரத்தடியில் இயந்திரத்தை இயக்க வேண்டாம், தீயணைப்புத் துறையினரை அழையுங்கள். கொட்டு வாங்கியவருக்கு உதடு வீங்கி மூச்சு முட்டினால் அது நிமிடங்களில் முடிவாகும் அவசரம், 108.

கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் பாழ்கிணற்றுக்குள்ளும் தோட்டத் தொழிலாளி இறங்கக் கூடாது. மோட்டார் கழன்று விழுந்தது, சாவி விழுந்தது என்று எந்தக் காரணம் சொன்னாலும் சரி.

சட்டப் பொறுப்புக்கு வருவோம். பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலை தொடர்பான 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. பொதுவாகப் பத்துப் பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களுக்கே அது பொருந்துவதால், ஏழு பேர் உள்ள நீங்கள் நேரடியாக அதற்குள் வராமலிருக்கலாம். இதைக் கேட்டு நிம்மதியடைய வேண்டாம். வேலையின்போது வேலை காரணமாக நேரும் இறப்புக்கும் ஊனத்துக்கும் இழப்பீடு தரும் கடமை, 1923-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்கு மாறியிருக்கிறதே ஒழிய, பத்துப் பேர் இருந்தால்தான் என்ற நிபந்தனை அதற்கு இல்லை. இறப்புக்குரிய தொகை, மாத ஊதியத்தில் பாதியை வயதுக்குரிய காரணியால் பெருக்கி வருவது. 2020-இல் அறிவிக்கப்பட்ட 15,000 ரூபாய் ஊதிய வரம்பை வைத்துக்கொண்டால், முப்பது வயதுத் தொழிலாளிக்குக் காரணி 207.98, 7,500-ஐ அதனால் பெருக்கினால் 15,59,850 ரூபாய். உங்கள் ஓராண்டு இலாபத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். தினக்கூலி, பதிவேட்டில் பெயரில்லை, கவனக்குறைவு அவருடையது என்ற வாதங்கள், குறிப்பாக இறப்பு நேர்ந்த வழக்குகளில், பெரிதாகக் கைகொடுப்பதில்லை.

எனவே பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டை எடுங்கள். விண்ணப்பத்தில் ‘தோட்ட வேலை’ என்று மட்டும் எழுதாமல், உயரத்தில் வெட்டுதல், இயந்திர ரம்பம், மருந்து தெளிப்பு ஆகியவற்றை நீங்கள் செய்வதானால் அவற்றையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் கோரிக்கை வரும்போது மறுக்க இடமாகிவிடும். குழு பத்துப் பேராகும் நாளில் ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடு கட்டாயமாகிறது, மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்கு உங்கள் பங்கு 3.25 விழுக்காடு, அவர்கள் பங்கு 0.75. அதுவரை ஒவ்வொருவரையும் அவரவர் வங்கிக் கணக்கின் வழியாகப் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேர்த்துவிடலாம்: ஆண்டுக்கு 20 ரூபாய், விபத்து மரணத்துக்கு 2 இலட்சம், வயது 18 முதல் 70 வரை. இது உங்கள் இழப்பீட்டுக் கடமைக்கு ஈடாகாது, அதன்மேல் கிடைப்பது. பணம் மே மாதக் கடைசியில் தானாகக் கழிக்கப்படும் என்பதால், அந்த வாரம் கணக்கில் இருப்பு உள்ளதா, வாரிசுப் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை ஆட்களை வங்கிக்கு அனுப்பிப் பார்த்துவிடுங்கள்.